மூடாத சிடி

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்குகிறது. முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு படி மேலே, இன்னொரு படி, பிறகு காதின் உள்சுவரில் ஊசியால் கீறுகிற மாதிரி ஒரே கோடு. சட்னி அரைக்கிறார்கள். சட்னிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் நிற்கிற வரைக்கும் நின்றுகொண்டிருக்கிறேன். லேப்டாப்பில் சொருகிச் சிடி எழுதுகிற கருவி வேகம் பிடிக்கும்போது இப்படித்தான் கத்தும். அளவில் சின்னக் கருவி. கத்தல் மட்டும் எதையோ இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும்.

அதில் நான் கடைசியாக எழுதியது என் அக்காவின் குரலை.

அக்கா இருக்கிறாள். கடத்தூர்ப் பக்கம் அவள் வீட்டில், வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, இருக்கிறாள். குரல்தான் இல்லை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்பெட்டியையும் சேலத்து ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்தால் பேச்சு இருக்காது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். நான் சொல்லப்போவது, அவள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்வதற்கு முந்தின நாளை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், வெங்காய வண்டிக்காரர். பழைய லோடு வண்டி. பின்னால் வெங்காய மூட்டையும் பூண்டு மூட்டையும், கூரைமேல் புனல் ஸ்பீக்கர். ஊர் ஊராக, தெருத் தெருவாகப் போவார். ஆனால் கூவுவது அவரில்லை. அவருக்குக் கூச்சம், கல்யாணத்தில் மைக்கைக் கையில் கொடுத்தபோது பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டவர். வண்டி வாங்கின புதிதில் அக்காவைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போய், ஒரு கடையில் பேசவைத்து, சிடியாகப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்தத் தெருக்களில் வெங்காயம் என்றால் என் அக்காவின் குரல். அவள் பாதி ஊர்களுக்குப் போனதே இல்லை. போனாலும் வாயைத் திறக்க முடியாது. பொம்மிடிச் சந்தையில் ஒருமுறை மாம்பழம் விலை கேட்டாள், பக்கத்தில் நின்ற பெண், "ஏங்க, நீங்க வெங்காயமில்ல?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சிடி தேய்ந்து கீறல் விழுந்துவிட்டது. தெருவுக்குள் நுழைந்ததும் வெங்கா வெங்கா வெங்கா என்று ஒரே இடத்தில் நின்று குதித்தது. வண்டியில் இருப்பது பழைய செட்டு. பென்டிரைவ் சொருகுகிற இடம் உடைந்து கிடக்கிறது. எந்தப் பாட்டு ஓடுகிறது என்று காட்டும் சின்ன விளக்கும் செத்துப்போய்விட்டது. சிடியை மட்டும் இன்னும் விழுங்கும். போனிலேயே போடலாமே என்றால் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் போட்டுப் பார்த்தார். தெரு நடுவில் போன் வந்து, பழக்கத்தில் எடுத்துவிட்டார். புனல் ஸ்பீக்கரில் அக்கா: "எங்கதான் சுத்திக்கிட்டு இருக்கறீங்க? சோறு ஆறிப்போயிக் கெடக்குது. சொன்ன நேரத்துக்கு வர்ற பழக்கமே கெடையாதா உங்களுக்கு?" அந்த ஊரில் இன்றைக்கும் எடை போடும்போது யாராவது, "சீக்கிரம் போடுங்க, சோறு ஆறுது" என்பார்களாம்.

ஆக, புதுச் சிடி வேண்டும். குரல் இருக்கும்போதே வேண்டும். கவிதை வாசித்துப் பதிவதற்கென்று நான் ஒரு மைக் வைத்திருக்கிறேன் என்பது அக்காவுக்குத் தெரியும். எனக்குப் போன் பண்ணினாள்.

"உன் கவிதைய யாருடா கேக்கறாங்க. அந்த மைக்க ஒரு நாளைக்கு எனக்குக் குடு."

அப்போதே குரல் கரகரத்துப்போயிருந்தது. ஈர மணலில் செருப்பு உரசுகிற மாதிரி.

மறுநாள் சேலத்துக்கு ரயில் என்று வைத்துக்கொண்டு, முந்தின நாள் காலையில் இருவரும் வண்டியிலேயே என் வீட்டுக்கு வந்தார்கள். என் வீடு பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால். மூட்டைகளை இறக்கிவிட்டு வந்திருந்ததால் வண்டி வெறுமையாக, நடக்கும்போது உடம்பு தொங்குகிற ஆள் மாதிரி, கடகடவென்று வந்து நின்றது.

உள்ளறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் போர்வை கட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். அக்கா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வெயில் போர்வைக்கு வெளியே நின்று மூச்சு விட்டது.

அன்றைக்கென்று பின்பக்கத்து வயலில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளிலிருந்து ஓடுகிறது, தண்ணீர் இல்லை. வெள்ளைப் புழுதி மட்டும் புகையாக எழுந்து என் வீட்டுச் சுவரில் படிந்துகொண்டிருந்தது. அந்த இரும்பு பூமிக்குள் இறங்குகிற அதிர்வு கட்டில் கால் வழியாக ஏறி, அக்காவின் குரலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு ரயில். சரக்கு ரயில் ஒன்று வந்தால் அது போய்த் தீர்கிற வரைக்கும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாய் மூடி உட்கார்ந்திருப்போம். அக்கா பேசாமல் உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ரயில் நீளமாக இருந்தது.

"வெங்காயம் வந்துருக்குதுங்க. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், நாட்டுப் பூண்டு. பை எடுத்துக்கிட்டு வாங்க. பொறுக்கி எடுத்துக்கலாம். அழுகினது இருந்தா நாளைக்குத் திருப்பிக் குடுங்க, திட்டாதீங்க."

திரையில் அவள் குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில், கோடு தரையோடு தரையாகக் கிடக்க வேண்டிய இடங்களில், சின்னச் சின்ன முள்செடி மாதிரி ஏதோ முளைத்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் மூச்சு. கட்டியைச் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே போகிற சத்தம். நான் ஒவ்வொன்றாக அதை வெட்டி எடுத்தேன். போரின் அதிர்வையும் முடிந்தமட்டும் துடைத்தேன். மாமாவைக் கூப்பிட்டுக் காதில் ஹெட்போனை வைத்துக் கேட்கவைத்தேன்.

அவர் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்குது மாப்ள. யாருது?"

வெட்டினதையெல்லாம் திரும்ப ஒட்டினேன். முள்செடிகள் அவையவை இடத்தில் போய் நின்றன.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அக்கா கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"இந்தச் சிடில எவ்ளோ நேரம் பேசலாம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல பேசலாங்க்கா."

"அவ்ளோ எடம் இருக்குதில்ல? வெங்காயம் வெல ஏறிப்போயிட்டா என்னா பண்ணுவாரு? புளி ஏத்துவாரு. புளிக்கு யாரு பேசறது?"

புளிக்குப் பேசினாள். பிறகு மாங்காய்க்கு. நிலக்கடலைக்கு. தக்காளிக்கு. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி கொட்டிக் கிடக்கும்போது அவரால் சும்மா இருக்க முடியாது என்றாள். கொய்யா, சீத்தாப்பழம், ராகி, பொங்கலுக்கு மஞ்சள் கொத்து. மாமா வாழ்க்கையில் கொய்யா விற்றதில்லை. செட்டில் விளக்கு இல்லாததால், எது எதுவென்று காதிலேயே தெரிய, ஒவ்வொன்றையும் சரக்கின் பெயரோடு தொடங்கினாள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பாட்டாக வரும்படி நான் பிரித்துக்கொண்டே வந்தேன். நடுவில் வெந்நீர் குடித்தாள். குடித்ததில் பாதி இருமலில் வெளியே வந்தது. போதுங்க்கா என்றேன். கை காட்டி உட்காரச் சொன்னாள்.

"பிளாஸ்டிக் கொடம் வந்துருக்குதுங்க."

வாசலில் இருந்து மாமா குரல் கொடுத்தார். "ஏன்டி, கொடமெல்லாம் நான் எங்க விக்கறேன்?"

"வயசாயிட்டா வெங்காய மூட்ட தூக்குவீங்களா? கொடந்தான் தூக்குவீங்க. காலிக் கொடம், வெயிட்டு இருக்காது."

அவருக்கு வயதாவதை அவள் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக் காலம், வெயில் காலம், நோன்பு, பண்டிகை, முழங்கால் வலி. அதற்கெல்லாம் தெருவில் ஒரு குரல் வேண்டும். "இன்னிக்கு வண்டி ரிப்பேருங்க, நாளைக்கு வரும்" என்றுகூட ஒன்று பேசினாள். ரிப்பேரான வண்டியில் இதை எப்படிப் போடுவது என்று கேட்டேன். "ஸ்பீக்கரு நல்லாருந்தா போடலாமில்ல" என்றாள். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இரும்பு இன்னொரு அடி இறங்கியது.

மதியம் சாப்பிட்டோம். அவளுக்குக் கரைத்த சோறு. என் மனைவி பானையை வழிக்கப் போனபோது அக்கா கையைப் பிடித்தாள்.

"வழிக்காத தாயி. ஒரு புடி வுட்டு வெய்யி. நாளைக்கு ஊருக்குப் போறமில்ல, வெறும் பானைய வெச்சுட்டுப் போவக்கூடாது."

எங்கள் வீடுகளில் அது பழக்கம். பானை துடைத்து வைத்த மாதிரி இருக்கக்கூடாது. ஒரு பிடியாவது தண்ணீர் ஊற்றிக் கிடக்க வேண்டும், திரும்ப வந்து தின்பதற்கு.

சாயங்காலம் சிடி எழுத உட்கார்ந்தேன். பதிவுகளையெல்லாம் பாட்டுச் சிடிக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றினேன். கோப்புகளாக அப்படியே போட்டுவிட்டால் அந்தப் பழைய செட்டு சீந்தாது. ஆடியோ சிடியாகத்தான் எழுத வேண்டும். வேகத்தைக் குறைத்து வைத்தேன், பழைய செட்டுகளுக்கு நிதானமாக எழுதினால்தான் பிடிக்கும். கடைசியில் திரை ஒரு கேள்வி கேட்டது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா கேக்குது?"

"சிடிய மூடிரலாமான்னு கேக்குதுங்க்கா."

"மூடறதுன்னா?"

"முத்திர வெக்கற மாதிரி. அதுக்கப்புறம் ஒண்ணும் சேக்க முடியாது."

"ஒரு வார்த்தகூட?"

"ஒரு வார்த்தகூட."

கொஞ்சம் மீதி இடம் இருந்தது. ஒரு பிடி அளவு. அவள் அதைத்தான் பார்த்தாள்.

"அப்ப மூடாத. நாளைக்கு ஒண்ணு நெனப்பு வந்தா எங்க போயிப் பேசறது?"

நாளைக்கு என்று அவள் சொன்னதை நான் திருத்தவில்லை. மூடாமல் எழுதினேன். கருவி முனகி, ஏறி, கத்தியது. என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். வெங்காயம் வந்தது, புளி வந்தது, குடம் வந்தது. எல்லாம் சரி. சூடான பிளாஸ்டிக் நாற்றத்தோடு சிடியை எடுத்துக்கொண்டு மூவரும் வண்டிக்குப் போனோம்.

செட்டு அதை விழுங்கியது. உள்ளே சுற்றியது. தேடியது. கர்ரக், கர்ரக் என்று எதையோ மென்றது. பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிற மாதிரி சிடியை வெளியே தள்ளியது. திரும்ப உள்ளே விட்டோம். திரும்பத் தள்ளியது. மாமா பனியனில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை விட்டார். வந்த சத்தமெல்லாம் அந்த மெல்லல்தான். அதையும் கூரைமேல் இருந்த புனல் எடுத்துத் தெருவுக்குச் சொல்லியது.

"மூடலேன்னா இது படிக்காதுங்க மாமா. லேப்டாப்புல படிக்கும். இந்த மாதிரி செட்டுல படிக்காது."

மாமா அக்காவைப் பார்க்காமல் சொன்னார்: "வுடு மாப்ள. மூட வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம். வேற செட்டு வாங்கிக்கறேன். என்னா அவசரம்?"

அக்கா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் கேட்டுட்டுப் போவணுங்க. இந்த வண்டில, இந்தப் பொனல்ல. ஆப்பரேசனுக்குத் தள்ளிட்டுப் போவறப்ப, அங்க ஒண்ணு கத்திக்கிட்டு இருக்குதுன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

"அபசகுனமாப் பேசாத."

"நான் எங்க பேசறேன். இனிமேப்பட்டு அதுதான பேசப்போவுது."

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"மீதி எடத்துல ஒண்ணு பேசிட்டு மூடிரு. ஆனா இன்னொரு வெறும் சிடி உங்கிட்ட இருக்குதில்ல?"

"இருக்குதுங்க்கா."

"அதத் தொறந்தாப்லயே வெச்சிரு. யாரும் தொடக்கூடாது. அது கெடக்கட்டும், புடி சோறு மாதிரி."

சரி என்றேன். என்ன சரக்குக்குப் பேசப்போகிறாய் என்று கேட்டேன்.

"தெரியாத சரக்குக்கு. நமக்கு இன்னும் தெரியாதது ஒண்ண அவரு ஏத்துவாரில்ல? அதுக்கு."

மைக்கைத் திறந்தேன். அந்த நேரம் பின்பக்கத்துப் போர் நின்றது. தண்ணீர் வந்துவிட்டதா, கைவிட்டுவிட்டார்களா தெரியவில்லை. இரண்டு நாளாக எங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இல்லாமல்போக, வீடே ஒரு விரற்கடை இறங்கினாற்போல் இருந்தது. அந்த அமைதிக்குள் அவள் பேசினாள்.

"வந்துருக்குது. வந்துருக்குதுங்க. உங்க வூட்டு வாசலுக்கே வந்துருக்குது. கதவத் தொறந்து வெளிய வந்து பாருங்க."

அவ்வளவுதான். பெயர் இல்லை. விலை இல்லை. முள்செடி மூச்சு மட்டும், இந்த முறை அடியில் எந்த அதிர்வும் இல்லாமல், தனியாக.

அதையும் சேர்த்தேன். திரை மறுபடி கேட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் படிந்த புழுதியைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மூடினேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வண்டியில் போட்டோம். செட்டு விழுங்கியது. சுற்றியது. வெளியே தள்ளவில்லை. மாமா சந்தோஷத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, விளக்கில்லாத செட்டு ஒரேயடியாகக் கடைசிப் பாட்டுக்குத் தாவிவிட்டது. சத்தம் வேறு உச்சத்தில் இருந்தது.

வந்துருக்குது. வந்துருக்குதுங்க. உங்க வூட்டு வாசலுக்கே வந்துருக்குது.

தெருவில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுப் பெண் முறத்தோடு வந்தாள். ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை ஊன்றி நின்றார். இரண்டு வீடு தள்ளி ஒருத்தி பையை உதறிக்கொண்டே வந்து, வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பழைய வெங்காயத் தோல் மட்டும் காற்றில் ஒரு மூலைக்கு நகர்ந்தது.

"என்னங்க வந்துருக்குது?" என்றாள்.

மாமா செட்டை நிறுத்தத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள், முந்தானையால் வாயை மூடியபடி. கூரைமேல் இருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கதவைத் திற, வெளியே வா என்று. கீழே நிற்கிற அக்காவை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் புனலைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் மாமா கடைசியில். "செட்டு நல்லாருக்குதான்னு பாத்தோம்."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் கூப்பாடு," என்று பையைச் சுருட்டிக்கொண்டு அவள் திரும்பினாள்.

காலையில் ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். என் மனைவி வாசலோடு நின்றுகொண்டாள். அவர்கள் கிளம்பினதும் கூட்டக்கூடாது என்று துடைப்பத்தை முதலிலேயே ஒளித்து வைத்திருந்தாள். வண்டி என் வீட்டு வேப்பமர நிழலில் நின்றது, வயிற்றில் சிடியோடு. மலைப் பக்கமிருந்து ஈரமில்லாத காற்று வந்தது. பிளாட்பாரத்தில் அக்கா அதிகம் பேசவில்லை. மிச்சப்படுத்துகிறாளோ என்று தோன்றியது. எதற்கு மிச்சப்படுத்த வேண்டும் என்றும் தோன்றியது. மாமா பையைத் திறந்து திறந்து ஸ்கேன் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரயில் வந்தது. கூட்டமில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"ஏன்டா மூஞ்சிய இப்டி வெச்சிருக்கற? வண்டிய வெயில்ல நிறுத்தாத, சிடி வளைஞ்சிரும்."

"நெழல்லதாங்க்கா நிக்குது."

"அந்த இன்னொன்னு?"

"பீரோவுல இருக்குதுங்க்கா. யாரும் தொடல."

ரயில் நகர்ந்தது. நான் ஜன்னலோடு நாலு எட்டு நடந்தேன். சக்கரத்தின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று அவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"அதப் பத்தரமா வெய்யிடா. மீதிய வந்து பேசறேன்."